ஒன்றரை நிமிடம் எண்ணிக்கொண்டே நின்ற கணினி: லினக்ஸில் சர்வீஸும் என்எஃப்எஸ் மவுண்டும்

அக்கா மகன் சின்னதாக ஒரு போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறான். பின்னறையில் ஒரு பழைய டெஸ்க்டாப், அதில் 4 டெராபைட் ஹார்டு டிஸ்க். கல்யாணப் படங்கள் எல்லாம் அதில்தான். முன்னறையில் அவன் உட்கார்ந்து படம் திருத்தும் கணினி. இரண்டிலும் டெபியன் லினக்ஸ். பின்னறைப் படங்களை முன்னறைக் கணினியில் ஒரு ஃபோல்டராகத் தெரியவைத்துக் கொடுத்தது நான். ஒரு நாள் சாயங்காலம் கரண்ட் போய் வந்தது. கொஞ்ச நேரத்தில் போன்.

"மாமா, ரெண்டு மிஷினையும் ஆன் பண்ணிட்டேன். முன்னாடி இருக்கிறது லாகின் வராம, ஏதோ ஸ்டார்ட் ஜாப் ஓடுதுன்னு நொடி எண்ணிக்கிட்டே நிக்குது."

"எவ்வளவு வரைக்கும் எண்ணப்போகுதுன்னு போட்டிருக்கு?"

"ஒன்றரை நிமிஷம்."

அதைக் கேட்டதுமே விஷயம் புரிந்துவிட்டது. தப்பு என்னுடையது. முன்னறைக் கணினியில் இருப்பது எஸ்எஸ்டி, சில நொடிகளில் எழுந்துவிடும். பின்னறைக் கணினி பழசு. கரண்ட் திடீரென்று போனதால் டிஸ்க்கைச் சரிபார்த்துக்கொண்டு மெதுவாக எழுந்துகொண்டிருந்தது. முன்னறைக் கணினி அதன் கதவைத் தட்டிவிட்டு, திறக்க ஆள் வராமல் நின்றுகொண்டிருந்தது. அப்படி நிற்கச் சொல்லி எழுதிவைத்தவன் நான்.

கணினி எழும்போது எதை ஓட்ட வேண்டும், வேறொரு கணினியின் ஃபோல்டரை எப்போது கொண்டுவந்து மாட்ட (அதாவது மவுண்ட் செய்ய) வேண்டும் என்ற இரண்டையும் இந்த ஸ்டுடியோவை வைத்தே சொல்கிறேன். பெரும்பாலான வழிகாட்டிகள் இரண்டையும் தனித்தனியாகச் சொல்லிக்கொடுக்கும். தொல்லை வருவதோ இரண்டும் சந்திக்கும் இடத்தில்.

ஒரு விஷயம். கட்டளைகளை அவனுக்குப் போனில் சொன்னதுபோலவே ஒலிப்பில் எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில். சாய்கோடு, புள்ளி, இடைவெளி எல்லாம் நான் போட்டபடியே. சிடிஎல் என்று வந்தால் சி, டி, எல் என்று மூன்று எழுத்து; எட்சி என்றால் ஈ, டி, சி, கணினியின் அமைப்பு ஃபைல்கள் இருக்கும் ஃபோல்டர்.

முதலில் சர்வீஸ்

திரைக்குப் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும் நிரலுக்குத்தான் சர்வீஸ் என்று பெயர். பிரிண்டருக்கு ஒன்று, நெட்வொர்க்குக்கு ஒன்று, வெளியிலிருந்து லாகின் செய்ய ஒன்று. இவற்றை எழுப்புவதும் மேய்ப்பதும் கணினியில் முதலில் பிறக்கும் புராசஸின் வேலை. அதன் எண் எப்போதும் 1. இன்றைய லினக்ஸ்களில் பெரும்பாலானவற்றில் அந்த இடத்தில் சிஸ்டம்டி உட்கார்ந்திருக்கிறது. 2010-இல் வந்தது, ஃபெடோரா 2011-இலும் டெபியனும் உபுண்டுவும் 2015-இலும் அதற்கு மாறின. அதற்கு முன்னால் எட்சிக்குள் இனிட்.டி என்ற ஃபோல்டரில் ஷெல் ஸ்கிரிப்ட்களாக எல்லாம் கிடக்கும். சிஸ்டம்டி வந்தபோது நடந்த சண்டை இன்னும் முழுசாக ஓயவில்லை. அதற்குள் போக வேண்டாம். ஃப்ரீபிஎஸ்டி வைத்திருப்பவர்களுக்கு உலகம் வேறு. அங்கே எட்சிக்குள் ஆர்சி.கான்ஃப் என்ற ஒரே ஃபைலில் எஸ், நோ என்று எழுதினால் பாதி வேலை முடிந்தது.

டெர்மினலைத் திறந்து முதலில் ஒரு சர்வீஸின் நலம் விசாரியுங்கள்:

சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் கப்ஸ்

கப்ஸ் என்பது பிரிண்டர் சர்வீஸ். வரும் பதிலில் இரண்டு இடத்தைப் பார்த்தால் போதும். லோடட் என்ற வரியின் நடுவில் எனேபிள்ட் அல்லது டிஸேபிள்ட் என்று இருக்கும். அதற்குச் சற்றுக் கீழே ஆக்டிவ் என்ற வரி. புதிதாக வருபவர்கள் எல்லோரும் குழம்புவது இங்கேதான். ஆக்டிவ் என்றால் இப்போது ஓடுகிறது. எனேபிள்ட் என்றால் அடுத்த முறை கணினி எழும்போது தானாக ஓடும். ஒன்று இருந்து மற்றது இல்லாமல் இருக்கலாம். "நேத்து நல்லா ஓடிச்சு, இன்னைக்கு ரீஸ்டார்ட் பண்ணதும் காணோம்" என்று யாராவது சொன்னால், பத்தில் எட்டு முறை ஸ்டார்ட் மட்டும் கொடுத்திருப்பார்கள், எனேபிள் கொடுத்திருக்க மாட்டார்கள்.

முன்னால் சூடோ போட்டால் நிர்வாகி உரிமையோடு செய் என்று அர்த்தம். சூடோ சிஸ்டம்சிடிஎல் ஸ்டார்ட் என்றால் இப்போதே ஓட்டு. ஸ்டாப் என்றால் நிறுத்து. எனேபிள், டிஸேபிள் இரண்டும் நாளைக்கான உத்தரவு. இப்போது ஓடுவதைத் தொடாது. இரண்டும் சேர்த்து வேண்டுமென்றால்:

சூடோ சிஸ்டம்சிடிஎல் எனேபிள் --நவ் கப்ஸ்

எனேபிள் செய்யும்போது பெரிய மாயம் எதுவும் நடப்பதில்லை. எட்சி, அதற்குள் சிஸ்டம்டி, அதற்குள் சிஸ்டம் என்ற ஃபோல்டரில், மல்ட்டி-யூசர்.டார்கெட்.வான்ட்ஸ் என்பது போன்ற ஓர் உள் ஃபோல்டருக்குள் ஒரு சிம்லிங்க் (வேறோர் இடத்தில் இருக்கும் ஃபைலைச் சுட்டும் இணைப்பு) விழுகிறது, அவ்வளவுதான். டிஸேபிள் அந்த இணைப்பை அழிக்கிறது. ஒருமுறை எல்எஸ் போட்டுப் பார்த்துவிடுங்கள், பயம் போய்விடும்.

எது தோற்றுப்போயிருக்கிறது என்று பார்க்க சிஸ்டம்சிடிஎல் --ஃபெயில்ட். ஏன் தோற்றது என்று பார்க்க:

ஜர்னல்சிடிஎல் -பி -யூ கப்ஸ்

பி (ஏ, பி, சி-யில் வரும் பி) என்றால் இந்த முறை கணினி எழுந்ததிலிருந்து. யூ என்றால் இந்த யூனிட் மட்டும்; சர்வீஸ் போல சிஸ்டம்டி மேய்க்கும் ஒவ்வொன்றுக்கும் யூனிட் என்று பெயர். பிழைச்செய்தி வந்ததும் தேடுபொறிக்கு ஓடுவதற்கு முன் இதை ஒருமுறை படிக்கும் பழக்கம் இருந்தால் பாதி நேரம் மிச்சம்.

கணினி எழத் தாமதமானால் சிஸ்டம்டி-அனலைஸ் பிளேம் என்று தட்டுங்கள். எது எவ்வளவு நேரம் எடுத்தது என்று பெரியதிலிருந்து சிறியதாக வரிசையாக வரும். ஆனால் அந்தப் பட்டியலில் முதலில் இருப்பதுதான் குற்றவாளி என்று நினைத்துவிடாதீர்கள். பல சர்வீஸ்கள் ஒரே நேரத்தில் எழுகின்றன. ஒன்று 20 நொடி எடுத்தாலும் அதற்காக யாரும் காத்திருக்கவில்லை என்றால் நஷ்டம் இல்லை. யாருக்காக யார் காத்திருந்தார் என்பதைச் சொல்வது சிஸ்டம்டி-அனலைஸ் கிரிட்டிகல்-செயின்.

பின்னறையில் செய்ய வேண்டியது

என்எஃப்எஸ் என்பது நெட்வொர்க் வழியாக ஃபோல்டரைப் பகிரும் முறை. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984-இல் உருவாக்கியது. இன்று பெரும்பாலும் ஓடுவது நான்காம் பதிப்பு. 2049 என்ற ஒரே போர்ட் திறந்திருந்தால் போதும். பழைய மூன்றாம் பதிப்புக்கு 111-உம் இன்னும் சிலவும் வேண்டும், ஃபயர்வாலில் ஓட்டை போட்டே அலுத்துவிடும்.

டெபியன், உபுண்டுவில் சர்வர் பக்கம் என்எஃப்எஸ்-கெர்னல்-சர்வர் என்ற பேக்கேஜையும், படம் பார்க்கும் பக்கம் என்எஃப்எஸ்-காமன் என்பதையும் ஏபிடி என்ற நிறுவும் கட்டளை கொண்டு நிறுவுங்கள். டெபியனில் நிறுவியதுமே சர்வீஸ் எனேபிள் ஆகி ஓடத் தொடங்கிவிடும். ஃபெடோரா குடும்பத்தில் பேக்கேஜின் பெயர் என்எஃப்எஸ்-யூட்டில்ஸ். அங்கே என்எஃப்எஸ்-சர்வர் என்ற சர்வீஸை நீங்களேதான் எனேபிள் --நவ் செய்ய வேண்டும்.

சர்வருக்கு நிரந்தரமான ஐபி எண் வேண்டும். ரவுட்டரின் டிஎச்சிபி (கணினிகளுக்கு ஐபி எண் கொடுக்கும் வசதி) பக்கத்தில் அந்தக் கணினிக்கென்று ஒரு எண்ணை ஒதுக்கிவிடுவது சுலபம். இங்கே 192.168.1.20 என்று வைத்துக்கொள்வோம். இதைச் செய்யாமல் விட்டால் என்றைக்காவது எண் மாறும், நீங்கள் அரை நாள் மவுண்ட் கட்டளையைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

அப்புறம் /எட்சி/எக்ஸ்போர்ட்ஸ் என்ற ஃபைலில் ஒரு வரி:

/எஸ்ஆர்வி/போட்டோ 192.168.1.0/24(ஆர்டபிள்யூ,சிங்க்,நோ_சப்ட்ரீ_செக்)

எந்த ஃபோல்டர், யாருக்கு, எந்த நிபந்தனையில் என்று மூன்று சேதி. 192.168.1.0/24 என்றால் 192.168.1 என்று தொடங்கும் எண்கள் எல்லாம். ஆர்டபிள்யூ என்றால் படிக்கவும் எழுதவும். சிங்க் என்றால் எழுதியது நிலையான சேமிப்பில் சேர்ந்த பிறகே முடிந்தது என்று பதில் சொல்.

இந்த வரியைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். 24-க்கும் அடைப்புக்குறிக்கும் நடுவில் இடைவெளி இல்லை. தவறி ஒரு இடைவெளி விழுந்தால் அர்த்தமே மாறிவிடும்: 192.168.1.0/24-க்கு எந்த நிபந்தனையும் சொல்லவில்லை, அதனால் இயல்பான அமைப்பு, அதாவது படிக்க மட்டும். அடைப்புக்குள் உள்ள அனுமதி உலகத்தில் உள்ள எல்லோருக்கும். உங்கள் கணினியால் எழுத முடியாது, வழிப்போக்கன் எழுதலாம்! "எழுத முடியலையே" என்று ஃபைல் அனுமதிகளை எல்லாம் 777 ஆக்கித் திறந்துவிட்டு, கடைசியில் காரணம் ஒரு ஸ்பேஸ் என்று கண்டுபிடித்தவர்கள் உண்டு. நானும் அதில் அடக்கம்.

சேமித்துவிட்டு:

சூடோ எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -ஆர்ஏ
சூடோ எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -வி

முதலாவது ஃபைலை மறுபடி படிக்கச் சொல்கிறது. இரண்டாவது, இப்போது யாருக்கு என்ன திறந்திருக்கிறது என்று காட்டுகிறது. இடைவெளிப் பிழை இருந்தால் இங்கே வேர்ல்ட் என்ற சொல் தலைகாட்டும். படங்கள் தனி டிஸ்க்கில் இருந்தால் அடைப்புக்குள் எம்பி (மவுண்ட்பாயின்ட் என்பதன் சுருக்கம்) என்ற சொல்லையும் சேர்த்துவிடுங்கள். அந்த இடத்தில் டிஸ்க் மாட்டியிருந்தால் மட்டுமே பகிரும்.

ஃபயர்வால் இருந்தால் உங்கள் வீட்டு நெட்வொர்க்குக்கு மட்டும் 2049-ஐத் திறங்கள். இதை இணையத்துக்குத் திறந்துவைப்பது பற்றி யோசிக்கவே வேண்டாம்.

பெயர் அல்ல, எண்

மாட்டுவதற்கு முன் ஒரு சோதனை. இரண்டு கணினியிலும் ஐடி என்று தட்டுங்கள். யூஐடி என்று ஒரு எண் வரும். நாம் வழக்கமாக ஓட்டும் என்எஃப்எஸ்ஸில் ஆளைப் பெயரை வைத்து அடையாளம் காண்பதில்லை. படிக்கலாமா, எழுதலாமா என்று முடிவாவது இந்த எண்ணை வைத்துத்தான். டெபியனில் முதலில் உருவாக்கும் பயனருக்கு 1000 கிடைக்கும். இரண்டு கணினியிலும் நீங்களே முதல் பயனர் என்றால் தானாகப் பொருந்திவிடும். அதனால்தான் பலருக்கு இப்படி ஒரு பிரச்சினை இருப்பதே தெரியாது. ஸ்டுடியோவில் மூன்றாவதாக ஒரு கணினி வந்தபோதுதான் மாட்டியது. அதில் வேலைக்கு வந்த பையனின் பெயரில் முதலில் கணக்கு, அக்கா மகனுக்கு இரண்டாவது, எண் 1001. தன் படத்தைத் தானே திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தான். யூசர்மாட் -யூ கொண்டு எண்ணை மாற்றலாம். ஆனால் அது ஹோம் ஃபோல்டரில் இருப்பதைத்தான் மாற்றும். வெளியே கிடப்பவற்றுக்கு நீங்களே சவுன் (உரிமையாளரை மாற்றும் கட்டளை) போட வேண்டும்.

சூடோ போட்டும் எழுத முடியவில்லை என்று கேட்பார்கள். அது பிழை இல்லை, காவல். வெளிக் கணினியிலிருந்து ரூட்டாக, அதாவது நிர்வாகியாக, வருபவரை சர்வர் நோபடி என்ற அநாமதேயராக மாற்றிவிடும். ரூட்_ஸ்குவாஷ் என்று பெயர், இயல்பிலேயே இருக்கும். அதை எடுக்கச் சொல்லும் அறிவுரைகள் நிறையக் கிடைக்கும். எடுக்காதீர்கள்.

முன்னறையில் மாட்டுதல்

முதலில் கையால் (இங்கே வரும் பி, க்யூவுக்கு முன் வரும் பி; டி, டைப் என்பதன் டி):

சூடோ எம்கேடைர் -பி /எம்என்டி/போட்டோ
சூடோ மவுண்ட் -டி என்எஃப்எஸ் 192.168.1.20:/எஸ்ஆர்வி/போட்டோ /எம்என்டி/போட்டோ

பிறகு ஃபைண்ட்எம்என்டி /எம்என்டி/போட்டோ என்று கேட்டால் எங்கிருந்து, எந்தப் பதிப்பில், என்னென்ன நிபந்தனையோடு மாட்டியிருக்கிறது என்று சொல்லும். ஒரு ஃபைலை எழுதிப் பாருங்கள், அழித்துப் பாருங்கள். கையால் மாட்டி வேலை செய்யாத ஒன்றைத் தானியங்கியாக்கப் பார்ப்பது வீண்.

நிரந்தரமாக்கும் இடம் /எட்சி/எஃப்எஸ்டேப். அன்றைக்கு நான் எழுதிவைத்திருந்தது இப்படி:

192.168.1.20:/எஸ்ஆர்வி/போட்டோ /எம்என்டி/போட்டோ என்எஃப்எஸ் டிஃபால்ட்ஸ் 0 0

இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் கணினியிடம் இது சொல்வது: "இந்த மவுண்ட் முடியும்வரை மற்றவர் காத்திருக்கட்டும்." எஃப்எஸ்டேப்பில் உள்ள ஒவ்வொரு வரியையும் சிஸ்டம்டி எழும்போதே தன் யூனிட்டாக மாற்றிக்கொள்கிறது. இந்த வரி எம்என்டி-போட்டோ.மவுண்ட் என்ற யூனிட் ஆகிறது. நெட்வொர்க் மவுண்ட்களை எல்லாம் ரிமோட்-எஃப்எஸ்.டார்கெட் என்ற ஒரு மைல்கல்லில் கட்டிவைக்கிறது. பயனரை உள்ளே விடும் சர்வீஸ் அந்த மைல்கல்லைத் தாண்டித்தான் எழும். அதனால்தான் லாகின் வரவில்லை. பொதுவாக ஒரு வேலைக்கு சிஸ்டம்டி தரும் கெடு 90 நொடி. திரையில் அவன் பார்த்த ஒன்றரை நிமிடம் அதுதான்.

மாற்றி எழுதிய வரி:

192.168.1.20:/எஸ்ஆர்வி/போட்டோ /எம்என்டி/போட்டோ என்எஃப்எஸ் நோஃபெயில்,எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுண்ட்,எக்ஸ்-சிஸ்டம்டி.மவுண்ட்-டைம்அவுட்=30 0 0

நோஃபெயில் என்றால், இது கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் மற்ற வேலை நிற்க வேண்டாம். ஆட்டோமவுண்ட் என்றால், எழும்போது மாட்டவே மாட்டாதே; யாராவது அந்த ஃபோல்டரைத் தொடும்போது மாட்டிக்கொள். மவுண்ட்-டைம்அவுட், காத்திருக்கும் நேரத்தை 30 நொடியாகக் குறைக்கிறது. காற்புள்ளிக்குப் பின் இடைவெளி விடாதீர்கள். இந்த ஃபைலில் இடைவெளி விழுந்தால் அடுத்த கட்டம் என்று அர்த்தம். _நெட்டேவ் என்று ஒரு சொல்லையும் பலர் சேர்ப்பார்கள். என்எஃப்எஸ் என்று வகை சொன்னாலே இது நெட்வொர்க் சமாசாரம் என்று சிஸ்டம்டிக்குத் தெரியும், சேர்த்தாலும் கெடுதல் இல்லை.

ஆட்டோமவுண்ட்டில் இன்னொரு லாபம். வைஃபையில் ஓடும் கணினி என்றால் இணைப்பு சில சமயம் நீங்கள் லாகின் செய்த பிறகுதான் வரும். எழும்போதே மாட்டு என்று சொன்னால் அங்கே ஜெயிக்கவே முடியாது. தொடும்போது மாட்டு என்றால் பிரச்சினையே இல்லை.

கையால் மாட்டியதைக் கழற்றிவிட்டு:

சூடோ யூமவுண்ட் /எம்என்டி/போட்டோ
சூடோ ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை
சூடோ சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்
சூடோ சிஸ்டம்சிடிஎல் ஸ்டார்ட் எம்என்டி-போட்டோ.ஆட்டோமவுண்ட்

யூமவுண்ட் என்பதில் முதல் யூ-வுக்கு அடுத்து என் இல்லை. யூ, எம், ஓ, யூ, என், டி என்றுதான். இரண்டாவது கட்டளை எஃப்எஸ்டேப்பில் எழுத்துப்பிழை இருந்தால் சொல்லிவிடும். ரீஸ்டார்ட் செய்து பிழையைக் கண்டுபிடிப்பதைவிட அது எவ்வளவோ மேல். உள் டிஸ்க்கின் வரியில் தப்பு செய்தால் கணினி எமர்ஜென்சி மோடில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஹார்ட், சாஃப்ட் என்று இரண்டு வார்த்தைகள் கண்ணில் படும். இயல்பு ஹார்ட்: வேலை நடுவில் சர்வர் காணாமல் போனால், அது திரும்பும்வரை கேட்டுக்கொண்டே இருக்கும். அந்த ஃபோல்டரைத் தொட்ட நிரல் உறைந்துபோகும். டிஸ்க்கில் எவ்வளவு இடம் என்று காட்டும் டிஎஃப் கட்டளைகூட நின்றுவிடும். எரிச்சலாக இருக்கும், ஆனால் எழுதிக்கொண்டிருந்த ஃபைல் பத்திரம். சாஃப்ட் கொஞ்ச நேரத்தில் கைவிட்டுவிடும். அந்தப் பிழையை நிரல் சரியாகக் கவனிக்காவிட்டால் பாதி எழுதிய ஃபைல் மிஞ்சும். எழுதும் ஃபோல்டருக்கு ஹார்டையே விட்டுவிடுங்கள்.

காணாமல் போன கல்யாணம்

அன்றைய கதை ஒன்றரை நிமிடத்தோடு முடியவில்லை. எண்ணி முடித்துவிட்டு லாகின் வந்தது. நான் வெளியூரில் இருந்தேன், நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன். அவன் அந்த இடைவெளியில் கேமரா கார்டைச் செருகி, அன்று காலை எடுத்த கல்யாணத்தை /எம்என்டி/போட்டோவில் ஏற்றிவிட்டான். கார்டையும் ஃபார்மேட் செய்துவிட்டான். மறுநாள் இரண்டு கணினியும் ஒழுங்காக எழுந்தன. பழைய படங்கள் எல்லாம் இருந்தன. அந்தக் கல்யாணம் மட்டும் இல்லை.

"மாமா, நேத்து கண்ணால பார்த்தேன் மாமா. ஃபோல்டர்ல இருந்துச்சு."

இருந்தது உண்மைதான். மவுண்ட் என்பது ஒரு ஃபோல்டரின் மேல் இன்னொன்றைக் கொண்டுவந்து விரிப்பது. பாயை விரித்தால் அடியில் இருக்கும் தரை தெரியாது, ஆனால் தரை எங்கும் போய்விடவில்லை. மவுண்ட் தோற்றபோது /எம்என்டி/போட்டோ என்பது முன்னறைக் கணினியின் சொந்த டிஸ்க்கில் இருக்கும் வெற்று ஃபோல்டர். அவன் படத்தை ஏற்றியது அந்தத் தரையில். மறுநாள் பாய் விரிந்ததும் மறைந்துவிட்டது. ஜர்னலைப் புரட்டினால், மவுண்ட் செய்யப்போகும் ஃபோல்டர் காலியாக இல்லை, இருந்தாலும் செய்கிறேன் என்று சிஸ்டம்டி ஒரு வரி எழுதியிருந்தது. யார் படிக்கிறார்கள்?

யூமவுண்ட் செய்ததும் படங்கள் அப்படியே இருந்தன. வேறு ஃபோல்டருக்கு நகர்த்திவிட்டு, மறுபடி மாட்டி, பின்னறைக்கு ஏற்றினோம். டார்கெட் பிஸி என்று யூமவுண்ட் மறுத்தால், ஃபியூசர் -விஎம் /எம்என்டி/போட்டோ என்று கேளுங்கள்; யார் அந்த ஃபோல்டரில் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரியும். பெரும்பாலும் நீங்கள் திறந்துவைத்த டெர்மினல்தான்.

இதற்கு ஒரு நல்ல பூட்டு இருக்கிறது. மவுண்ட் கழன்றிருக்கும்போது, ஆட்டோமவுண்ட் யூனிட்டையும் நிறுத்திவிட்டு, வெற்று ஃபோல்டரின் மேல்:

சூடோ சாட்ஆர் +ஐ /எம்என்டி/போட்டோ

எழுத்துகள் சி, எச், ஏ, டி, டி, ஆர். எக்ஸ்ட்4 போன்ற ஃபைல் சிஸ்டத்தில் இதற்குப் பிறகு அந்தத் தரையில் ரூட்டாலும் எழுத முடியாது. மேலே மவுண்ட் செய்ய ஒரு தடையும் இல்லை. மாட்டியபின் எழுதுவது சர்வரின் ஃபோல்டரில் என்பதால் இந்தப் பூட்டு குறுக்கே வராது. ஆட்டோமவுண்ட்டும் இதே காவலை ஓரளவு தருகிறது: சர்வர் இல்லாதபோது தொட்டால் பிழை வருமே தவிர தரை கண்ணில் படாது. நான் இரண்டையும் போட்டுவைக்கிறேன்.

நம் சொந்த சர்வீஸ்

படங்கள் வந்து விழுந்ததும் அவற்றைச் சின்ன அளவில் நகலெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பத் தோதாக வைக்கும் ஒரு ஸ்கிரிப்ட் முன்னறைக் கணினியில் ஓடுகிறது. அதைத் தானாக எழ வைக்க, /எட்சி/சிஸ்டம்டி/சிஸ்டம்/ என்ற இடத்தில் சின்னபடம்.சர்வீஸ் என்று ஒரு ஃபைல். இதில் மட்டும் பெரிய எழுத்தும் வரும்: சமக்குறிக்கு இடப்பக்கம் உள்ள ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தும் பெரியது, தலைப்புகளும் அப்படியே. டிஸ்கிரிப்ஷன் என்பதன் முடிவு ஐ, ஓ, என் என்பதைக் கவனித்து எழுதுங்கள்.

[யூனிட்]
டிஸ்கிரிப்ஷன்=சின்னப் படம் எடுப்பது

[சர்வீஸ்]
யூசர்=ஸ்டுடியோ
எக்ஸெக்ஸ்டார்ட்ப்ரீ=/யூஎஸ்ஆர்/பின்/டெஸ்ட் -ஈ /எம்என்டி/போட்டோ/.இருக்கு
எக்ஸெக்ஸ்டார்ட்=/யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்/சின்னபடம்
ரீஸ்டார்ட்=ஆன்-ஃபெயிலியர்
ரீஸ்டார்ட்செக்=30

[இன்ஸ்டால்]
வான்டட்பை=மல்ட்டி-யூசர்.டார்கெட்

கடைசி வரி இல்லாவிட்டால் எனேபிள் செய்ய எதுவும் இல்லை. எங்கே இணைப்பு போட வேண்டும் என்று சொல்வதே அதுதான். நடுவில் இருக்கும் ப்ரீ வரிதான் விஷயம். பின்னறைக் கணினியில், பகிரும் ஃபோல்டருக்குள், .இருக்கு என்ற பெயரில் ஒரு வெற்று ஃபைலை டச் கட்டளையால் உருவாக்கி வைத்தேன். சர்வீஸ் எழும் முன் அந்த ஃபைல் தெரிகிறதா என்று பார்க்கும். அந்தப் பார்வையே ஆட்டோமவுண்ட்டைத் தட்டி எழுப்பும். தெரியாவிட்டால் சர்வீஸ் தோற்றுவிடும், 30 நொடி கழித்து மறுபடி முயலும். பின்னறைக் கணினி எப்போது எழுந்தாலும் இது தானாகச் சேர்ந்துகொள்ளும்.

அந்த இடத்தில் மவுண்ட்பாயின்ட் என்ற கட்டளையைப் போடலாமே என்று தோன்றும். ஆட்டோமவுண்ட் இருக்கும்போது அது ஏமாற்றும்: காத்திருக்கும் காவலாளியையே மவுண்ட் என்று எண்ணி, ஆம் என்று சொல்லிவிடும். ரிக்வையர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார் என்று முறையான ஒரு வழியும் உண்டு. சர்வர் எப்போதும் விழித்திருக்கும் இடத்தில் அது அழகு. ஆனால் மவுண்ட் தோற்றால் சர்வீஸும் சார்புப் பிழையில் அப்படியே கிடந்துவிடும். ரீஸ்டார்ட் வரி அதற்குச் செல்லாது. கரண்ட் போய்ப் போய் வரும் இடத்துக்கு எனக்கு வெற்று ஃபைல்தான் சரிப்படுகிறது.

ஆஃப்டர் என்று ஒரு வரியை எல்லா எடுத்துக்காட்டுகளிலும் பார்ப்பீர்கள். அது வரிசை மட்டுமே சொல்லும்: இருவரும் எழுவதாக இருந்தால் நான் அவருக்குப் பின். அவரை எழுப்புவது வான்ட்ஸ் அல்லது ரிக்வையர்ஸ். ஒன்றை எழுதி மற்றதை மறப்பது சகஜம். நெட்வொர்க்.டார்கெட் என்றால் நெட்வொர்க் வந்துவிட்டது என்று அர்த்தமும் இல்லை. வந்த பிறகுதான் வேண்டும் என்றால் நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட்.

ஃபைலை மாற்றினால் ஒவ்வொரு முறையும் டீமன்-ரீலோட், பிறகு எனேபிள் --நவ் சின்னபடம். பேக்கேஜோடு வந்த சர்வீஸ்களை மாற்ற வேண்டுமென்றால் /யூஎஸ்ஆருக்குள் இருக்கும் மூலத்தைத் தொடாதீர்கள், அடுத்த அப்டேட்டில் அழிந்துவிடும். சூடோ சிஸ்டம்சிடிஎல் எடிட் என்று சொல்லி சர்வீஸின் பெயரைக் கொடுத்தால், உங்கள் மாற்றத்துக்கென்று எட்சியில் தனி ஃபைல் திறக்கும்.

கரண்ட் போகாமலே சோதிப்பது

எல்லாம் முடிந்ததும் அக்கா மகனைப் பின்னறைக் கணினியை அணைக்கச் சொன்னேன். முன்னறையை ரீஸ்டார்ட். லாகின் உடனே வந்தது. ஃபோல்டரைத் திறந்தான், சுற்றிக்கொண்டே நின்று, அரை நிமிடம் கழித்துப் பிழை காட்டியது. ஒரு படத்தை அதற்குள் இழுத்துப் போடச் சொன்னேன், போகவில்லை. சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் சின்னபடம் என்று பார்த்தால், மறுமுயற்சிக்காகக் காத்திருப்பதாக இருந்தது. பின்னறையை ஆன் செய்தோம். டீ வாங்கிவரப் போனவன் திரும்பி வந்து ஃபோல்டரைத் தொட்டபோது படங்கள் வந்தன. சின்னபடம் அதற்கு முன்பே ஓடத் தொடங்கியிருந்தது.

"அப்ப யூபிஎஸ் வாங்க வேண்டாமா மாமா?"

பின்னறைக்கு ஒன்று வாங்கு என்றேன். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அந்த டிஸ்க்குக்கு எஃப்எஸ்டேப்பால் எதுவும் செய்ய முடியாது.